தை முடிய மொட்டையாகும் கார்த்திகைப்பூப் பாத்தி: அறிகுறி பார்த்துத் துணைச்செடி தேர்வது

டொரன்டோவில் இருக்கும் அக்கா யூன் பிறந்தால் பியோனிப் படங்களாக அனுப்பித் தள்ளுவா. சோற்றுக் கோப்பை அளவுப் பூ, இளஞ்சிவப்பு, இதழுக்குள் இதழ். எல்லாம் இரண்டு மூன்று கிழமைதான். அதற்குப் பிறகு படம் வராது, முறைப்பாடுதான் வரும். "பூவெல்லாம் கொட்டுண்டு போச்சு, இனிப் பனி விழும் வரைக்கும் வெறும் இலையைத்தான் பாத்துக்கொண்டிருக்க வேணும்." போன வருடம் எனக்கும் ஒரு கிழங்கு அனுப்பட்டுமா என்று கேட்டா. வேண்டாம் என்றேன். பியோனிக்குக் குளிரில் நீண்ட உறக்கம் வேண்டும். 4 பாகை செல்சியசை ஒட்டிய குளிரில் பல நூறு மணித்தியாலம் கிடந்தால்தான் அடுத்த பருவத்துக்கு ஒழுங்காக மொட்டு வைக்கும். கிளிநொச்சியில் மார்கழி விடியலில் நாங்கள் போர்வையை இழுத்து மூடுவதே 20 பாகைக்குப் பக்கத்தில்தான். அந்தக் குளிரில் பியோனி கண்ணயரக்கூட மாட்டாது.

ஆனால் அக்காவின் தலையிடி எனக்கும் உண்டு. என்னுடையது கார்த்திகைப்பூ, செங்காந்தள் என்றும் சொல்வார்கள். அதுவும் நிலத்துக்குக் கீழே கிழங்காகக் கிடந்து, ஒரு பருவம் எழும்பி, ஊரையே திரும்பிப் பார்க்க வைத்துவிட்டுக் காணாமல் போகும் செடி. அக்காவின் கிழங்கு பனியில் உறங்குகிறது, என்னுடையது வெயிலில் உறங்குகிறது. இரண்டுக்கும் உறக்கத்தைக் கலைத்தால் பிடிக்காது. கார்த்திகைப்பூ என்றாலே எங்கள் பக்கத்தில் பேச்சு அரசியல் பக்கம் போய்விடும் என்பது தெரியும். இங்கே நான் கிழங்கைப் பற்றியும் அதன் அக்கம்பக்கத்துச் செடிகளைப் பற்றியும்தான் எழுதுகிறேன்.

முதல் இரண்டு வருடமும் துணைச்செடியை நிறம் பார்த்து வாங்கினேன். சிவப்புக்குப் பக்கத்தில் செம்மஞ்சள், அதற்குப் பக்கத்தில் வெள்ளை என்று. கிழங்கு போனது, காசும் போனது. வன்னியில் பார்க்க வேண்டியது தாகத்தை. மாரி ஐப்பசியில் பிடித்துத் தையோடு ஓய்கிறது. சித்திரையில் இடைக்கிடை ஒரு இடிமழை. மற்றபடி கோடை. கார்த்திகைக் கிழங்கு மாசி தொடங்கிப் புரட்டாசி வரை ஈரமில்லாமல் கிடக்க வேண்டும். அந்த மாதங்களில் வாளி கேட்கிற எந்தச் செடியும், எவ்வளவு வடிவாகப் பூத்தாலும், அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது. கீழே வருகிற அறிகுறிகளில் பாதி இந்த ஒரு பிழையிலிருந்துதான் முளைக்கின்றன.

தொடங்க முன் ஒரு எச்சரிக்கை. இந்தச் செடியின் எல்லாப் பாகமும் நஞ்சு. கொல்கிசின் என்ற நச்சுப் பொருள் கிழங்கில் அதிகம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். ஆகவே இந்தப் பாத்திக்குள் வற்றாளை, இஞ்சி, மஞ்சள், கீரை எதையும் துணையாக வைக்காதீர்கள். பிறகு தோண்டுகிறவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள், உங்கள் மருமகளாகவோ பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவோ இருக்கும். கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள், இல்லையென்றால் ஒரு சொப்பிங் பையைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். யாராவது வாயில் வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு.

அறிகுறி: தை முடிய இலை பழுத்து, மாசியில் பாத்தி மொட்டை

இது நோயில்லை. கிழங்கு படுக்கப் போகிறது. பழுத்த கொடியை உடனே பிடுங்கக் கூடாது. அந்த இலையில் மிச்சமிருக்கிற சத்துத்தான் புதுக் கிழங்குக்கு இறங்குகிறது. தானாகக் காய்ந்து, தொட்டால் முறிகிற பதம் வந்த பிறகு நிலமட்டத்தில் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கிளுவைக் குச்சியைக் குத்திவிடுங்கள். குச்சி இல்லாவிட்டால் ஆடியில் நீங்களே மண்வெட்டியால் கொத்திவிடுவீர்கள். நான் கொத்தியிருக்கிறேன்.

மொட்டையை மூடுவதற்கு மூன்று செடி போதும்: பட்டிப்பூ (நித்தியகல்யாணி), பத்துமணிப்பூ, வாடாமல்லி. கடைசி இரண்டும் ஆழமாக வேரோடாதவை. பட்டிப்பூவின் வேர் கொஞ்சம் இறங்கும் என்பதால் அதைக் குச்சியிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பேன், மற்றவை ஒரு சாண் தூரத்தில். இதில் சூட்சுமம் நடுகிற காலத்தில்தான் இருக்கிறது. மாசியில் பாத்தி வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு மனம் கேட்காமல் கன்று வாங்கி வந்தால், அதைப் பிழைக்க வைக்கத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டிவரும். ஊற்றினால் கிழங்கு போகும். அதனால் கார்த்திகையிலேயே ஒரு தட்டில் விதை போட்டு, மார்கழிக் கடைசியில், கொடி இன்னும் பூத்துக்கொண்டிருக்கும்போதே, இடையிடையே கன்றை ஊன்றிவிடுங்கள். மாரியின் கடைசி ஈரத்தில் வேர் பிடித்துவிடும். மாசி வெயில் வரும்போது அவை தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்.

அறிகுறி: ஐப்பசி மழை கொட்டியும் முளையைக் காணவில்லை

பொறுமை முதலில். நல்ல மழை இரண்டு மூன்று பெய்து, அதன் பிறகும் மூன்று நாலு கிழமை கொடுங்கள். ஒரே பாத்தியில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அதற்கும் வராவிட்டால் குச்சிக்குப் பக்கத்தில் விரலால் மண்ணை விலக்கிப் பாருங்கள். மண்வெட்டி வேண்டாம், அலவாங்கு வேண்டவே வேண்டாம்.

நாலு விரற்கடை ஆழத்தில் கிழங்கு தட்டுப்படும். கலப்பை மாதிரி வளைந்து கிடக்கும், அதனால்தான் அதற்குக் கலப்பைக்கிழங்கு என்று ஒரு பேர். நல்ல கிழங்கு இறுக்கமாக இருக்கும், தோல் மண்ணிறம், நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. கெட்ட கிழங்கு தொடும்போதே சொல்லிவிடும். விரல் உள்ளே போகும், புளித்த மாவு போல ஒரு மணம் வரும், தோல் மட்டும் பை போலக் கையோடு வரும்.

அழுகியிருந்தால் கோடையில் தண்ணீர் போயிருக்கிறது. யார் ஊற்றினார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். என் வீட்டில் நான்தான். முதல் வருடம் மாமியின் வேலியோரத்தில் எடுத்த ஒன்பது கிழங்கை வரிசையாக வைத்து, இடைவெளியில் கனகாம்பரம் நட்டேன். கனகாம்பரம் வருடம் முழுக்கப் பூக்கும், தலையிலும் வைக்கலாம், வேறென்ன வேண்டும்? ஆனால் அதற்கு மண் காய்ந்தால் முகம் சுருங்கும். பின்னேரத்தில் இரண்டு வாளி, சித்திரையில் மூன்று வாளி. கனகாம்பரம் ஒரு நாளும் வாடவில்லை. ஐப்பசியில் ஒன்பதில் இரண்டுதான் எழும்பியது. கனகாம்பரம் வேண்டுமென்றால் கிணற்றடியில் வையுங்கள், கால் கழுவுகிற தண்ணீரே அதற்குக் காணும்.

நீங்கள் ஒரு துளியும் ஊற்றாமல் அழுகியிருந்தால் வாய்க்காலைப் பாருங்கள். எங்கள் வளவு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயலை ஒட்டியது. கோடை நெல்லான சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்தால் கிழக்குக் கரையில் மண் அடியிலிருந்தே நனைந்துவிடும். மேலே புழுதி பறக்கும், ஒரு சாண் தோண்டினால் ஈரம். அந்தக் கரையில் துணைச்செடியை மாற்றிப் பிரயோசனமில்லை. பாத்தியையே ஒரு முழம் உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் மேட்டுக்கு மாற வேண்டும். வயலோரக் களியில் இருப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். செம்மண் மேட்டுக்காணிக்காரருக்கு இந்தப் பயம் இல்லை.

கிழங்கு இறுக்கமாக இருந்தும் முளை இல்லையென்றால் நுனியைப் பாருங்கள். முளைக்கிற கண் நுனியில்தான். களை பிடுங்கும்போதோ பட்டிப்பூவை வேரோடு இழுக்கும்போதோ அது முறிந்திருந்தால் அந்தக் கிழங்கு சும்மா கிடக்கும். துணைச்செடியைப் பாத்தியிலிருந்து அகற்றும்போது பிடுங்காமல் கத்தரியுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்குத்தான்.

கிழங்கே இல்லையா? ஒரு சாண் தள்ளித் தேடுங்கள். பழைய கிழங்கு ஒவ்வொரு வருடமும் வற்றி, புதியது பக்கத்தில் உருவாகும். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போகும், எங்கள் எல்லை வேலிக் கதியாலைப் போல.

அறிகுறி: முளை வந்தது, ஆனால் வெளிறி, வளைந்து, நோஞ்சானாக நிற்கிறது

துணை அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது. கார்த்திகைப்பூவுக்குக் கால் நிழலிலும் தலை வெயிலிலும் இருக்க வேண்டும். கோடை முழுக்க வெட்டாமல் விட்ட பட்டிப்பூ புரட்டாசியில் முழங்காலுக்கு மேல் நிற்கும். அதற்குள்ளிருந்து எழும்புகிற முளை வெளிச்சம் தேடி வளைந்தே களைத்துவிடும். புரட்டாசி நடுவில் பட்டிப்பூவை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டுங்கள். பூவோடு வெட்ட மனம் வராது, வெட்டுங்கள்.

இன்னொன்று. இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி இல்லை. இலையின் நுனியே சுருண்டு பிடிக்கும். கிட்ட எதுவும் இல்லாவிட்டால் பக்கத்து வாடாமல்லியின் கழுத்தைப் பிடிக்கும். ஒரு காலை எழும்பிப் பார்த்தபோது மூன்று இலை நுனி ஒரு வாடாமல்லித் தண்டைச் சுற்றி, மழைப் பாரத்தில் இரண்டும் சேர்ந்து சேற்றில் கிடந்தன. பிரிக்கப் போனால் கொடியின் தலை முறியும். முளை ஒரு சாண் வருமுன்பே காய்ந்த சுள்ளித்தடி நட்டுக் கொடுங்கள். வழுவழுப்பான பிவிசிக் குழாய் சரிவராது, இலை நுனி சுற்றிப் பிடிக்க அது தடிப்புக் கூட.

அறிகுறி: கொடி வேலி ஏறிவிட்டது, பூ இல்லை

துணைச்செடிக்கு யூரியா போட்டீர்களா? போட்டிருப்பீர்கள். அதைக் கொடியும் குடித்து இலையாக வைத்திருக்கிறது. இந்தப் பாத்திக்கு ஐப்பசியில் ஒரு கூடை மக்கிய மாட்டெரு போதும். மற்றக் காரணங்கள்: மாமர நிழல், அல்லது கிழங்கு இன்னும் சின்னது. விதையிலிருந்து வந்ததென்றால் சில வருடம் காத்திருக்கத்தான் வேண்டும்.

அறிகுறி: மாரி நடுவில் பட்டிப்பூ கறுத்துச் சாய்கிறது

தண்டின் அடியில் கறுப்பாக, நனைந்தாற்போல ஒரு பட்டை ஏறும். இரண்டு நாளில் முழுச்செடியும் தொங்கும். நீர் தேங்கிய மண்ணில் வருகிற பங்கசு (பூஞ்சணம்). மருந்து தேட வேண்டாம். நோய்ச்செடியைக் கத்தரித்து எரித்துவிட்டு, வடிகால் ஒன்று கீறுங்கள். கோடைக்குப் பிறந்த செடியிடம் மாரியிலும் பூ கேட்பது எங்கள் ஆசைதான்.

மழைக்காலத்துக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். காசித்தும்பை விதையை முதல் மழையோடு விசிறினால் மார்கழியில் பூ. அது தானே வெடித்து விதை தூவும், அடுத்த வருடம் உங்களைக் கேட்காமல் வரும். மாலை கட்டுகிற மஞ்சள் செவ்வந்தியைப் பாத்தியின் வெளி விளிம்பில் மட்டும் வையுங்கள், உள்ளே வைத்தால் அடைத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது மழைலில்லி. அதுவும் பூண்டு போல நிலத்துக்குள் உறங்கி, மழை விழுந்த சில நாளில் இலைக்கு முன்னே பூவை நீட்டும். கார்த்திகைப்பூ இன்னும் முளையாக நிற்கிற ஐப்பசி வெறுமையை நிரப்ப அதைவிடப் பொருத்தமான செடியை நான் காணவில்லை. சித்திரை இடிமழைக்கும் ஒரு தரம் பூத்துக் காட்டும். கோடையில் தண்ணீர் கேட்காது. கிழங்குக்கு அரை அடி தள்ளி, வரம்பு போல ஒரு வரிசை வைத்தால், கிழங்கு எங்கே இருக்கிறது என்பதற்கு அடையாளமும் ஆகும்.

அறிகுறி: வைகாசி முதல் ஆவணி வரை செடி உயிரோடு இருக்கிறது, நிறம்தான் இல்லை

சோளகம், அதாவது தென்மேல் காற்று, தொடங்கிவிட்டது. அந்தக் காற்று ஈரத்தை மண்ணிலிருந்து மட்டுமல்ல, மொட்டிலிருந்தும் உறிஞ்சிக்கொண்டு போகும். வாடாமல்லி காகிதமாக நிற்கும், பட்டிப்பூ இலையைச் சுருட்டும், பத்துமணிப்பூ மட்டும் பதினொரு மணி வரை தாக்குப்பிடிக்கும். இந்த நேரத்தில் தரையிலே நிறம் தேடிப் பிரயோசனமில்லை. வேலியைப் பாருங்கள்.

காட்டோரத்தில் கார்த்திகைப்பூ எங்கே வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? சூரைப்பற்றைக்குள். முள்ளைப் பிடித்து ஏறி, பற்றையின் தலைக்கு மேலே பூக்கும். மாடு வராது, தடி நடத் தேவையில்லை. அதைப் பார்த்த பிறகுதான் போகன்வில்லா எனக்கு நினைவில் ஓடியது. அது தண்ணீர் குறைந்தால் பூக்கிற சாதி. மாரியில் இலையும் முள்ளுமாக நீளும், மண் காய்ந்து இறுகத் தொடங்கியதும் நிறம் கொட்டும். மாசியிலிருந்து ஆவணி வரை, கார்த்திகைக் கிழங்கு உறங்குகிற அத்தனை மாதமும் அதற்குப் பண்டிகை. அது ஓய்கிறபோது இது எழும்புகிறது. இரண்டுக்கும் வாளி தேவையில்லை, போகன்வில்லாவுக்கு முதல் வருடக் கோடையில் மட்டும் கொஞ்சம்.

வேர் முட்டாதபடி கிழங்கு வரிசையிலிருந்து நாலைந்து அடி தள்ளி வேலியில் நடுங்கள். கிளையை மட்டும் வளைத்துப் பாத்திக்கு மேலே கொண்டுவந்து கட்டுங்கள். புரட்டாசித் தொடக்கத்தில் கடுமையாக வெட்டி, நாலைந்து தடிமனான கிளையை மட்டும் ஏணிபோல விடுங்கள். வெட்டாமல் விட்டால் ஐப்பசி மழைக்கு அது காடாகி முளையை மூடிவிடும், மேலே சொன்ன நோஞ்சான் கதைதான். நான் வெள்ளை நிறம் வைத்தேன். மார்கழியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சிய வெள்ளைக்குள்ளே சிவப்பும் மஞ்சளும் நெருப்பாக எரிகிறபோது ஒழுங்கையால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்துகிறார்கள். சிவப்புப் போகன்வில்லா வைத்திருந்தால் கார்த்திகைப்பூ அதற்குள் காணாமல் போயிருக்கும். நிறத்தைப் பற்றிக் கடைசியிலாவது யோசித்தேனே.

அறிகுறி: துணைச்செடியின் இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்திலைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளையாகச் செதில் படிந்திருந்தால் அதே சுண்ணாம்புதான் உங்கள் பாத்தியிலும். மண் காரமாகி, இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகிறது. வெட்சி இதற்கு முதலில் முகம் மாறும் செடி. கிணற்றுத் தண்ணீர் அப்படியென்றால் வெட்சியை விட்டுவிடுங்கள். சாம்பல் போட வேண்டாம், அது காரத்தைக் கூட்டும். கூட்டெருவும் சருகும் போடுங்கள். ஆனால் சருகைக் கிழங்குக்கு நேர் மேலே குவிக்காதீர்கள்.

அக்காவும் அதே பிழையைத்தான் விட்டிருந்தா

வெளிநாட்டில் பியோனி வைத்திருக்கிற சொந்தங்களுக்கு இந்தப் பகுதியை அனுப்பிவிடுங்கள். அக்காவின் பாத்தியில் இரண்டு அறிகுறி. ஒன்று, யூன் கழிந்ததும் வெறும் இலை. அதற்கு வழி எளிது. பியோனி எழும்புமுன் ஏப்ரல், மே மாதங்களில் பூக்க டாஃபடில், டூலிப் கிழங்குகள். பியோனியோடு சேர்ந்து பூக்கச் சைபீரியன் ஐரிஸ். அதன் பிறகு கேட்மின்ட், டேலிலி. இலையுதிர்காலத்துக்கு ஆஸ்டர். அங்கே கோடையிலும் மழை பெய்வதால் தாகக் கணக்கு என்னுடையது மாதிரி இறுக்கமில்லை. ஆனால் நெருக்கம்தான் ஆபத்து. பியோனியின் அடியில் காற்று ஓடாவிட்டால் சாம்பல் நிறப் பங்கசு வந்து மொட்டு கறுத்துப் போகும். ஆகவே இரண்டு அடியாவது தள்ளி வைக்க வேண்டும், வேரைக் கிண்டாமல்.

இரண்டாவது அறிகுறிதான் அவவைக் கூடுதலாக வருத்தியது. துணைச்செடி எல்லாம் வைத்து அழகாக்கிய பிறகு, பியோனி பூப்பதையே குறைத்துவிட்டது. "கண்பட்டுப் போச்சு" என்றா. வீடியோவில் காட்டச் சொன்னேன். புதுச் செடிகளுக்காகப் போட்ட மரத்தூளும் மண்ணும் பியோனியின் அடியில் ஒரு சாணுக்குக் கிட்ட ஏறியிருந்தது. பியோனிக் கிழங்கின் கண் 5 சென்ரிமீற்றருக்கு மேல் ஆழத்தில் போனால் இலை வரும், பூ வராது. குளிரும் கண்ணுக்கு ஒழுங்காகப் படாது. "கையால விலக்குங்கோ அக்கா, கரண்டியால வேண்டாம்" என்றேன். ஒரு பின்னேரம் முழுக்கக் குந்தியிருந்து விலக்கினாவாம், முழங்கால் நோகுதென்று இரண்டு நாள் பேச்சு வாங்கினேன்.

இந்த முறை மே கடைசியில் படம் வந்தது. மூன்று மொட்டு, ஒன்றின்மேல் எறும்பு. மருந்து அடிக்கட்டா என்று கீழே எழுதியிருந்தா. மொட்டில் ஊறுகிற இனிப்புக்கு வருகிற எறும்பு, ஒன்றும் செய்யாது, விடுங்கோ என்று பதில் போட்டுவிட்டு, நான் போய் என் குச்சிகளை எண்ணினேன். பதினொன்று. ஒன்றையும் கோழி கிளறவில்லை.